தடி வேர் முழுசாக இருக்கிறது, செடி ஏன் வாடுகிறது?

விதைப்பை (இழையைத் தொடங்கியவர்)

விதையிலிருந்து வளர்த்த எலுமிச்சைக் கன்று ஒன்றைத் தொட்டியிலிருந்து நிலத்துக்கு மாற்றினேன். ஆணிவேர் அறுபடவில்லை. விரல் தடிமன் உள்ள பக்கவேர்களும் அப்படியே வந்தன. பழைய மண்ணை நன்றாக உதறி, வேரை அலசி, புதுக்குழியில் நட்டேன். மறுநாள் மதியமே இலையெல்லாம் தொங்கிவிட்டது. தண்ணீர் போதவில்லையோ என்று காலையும் மாலையும் ஊற்றுகிறேன். குழியில் தண்ணீர் தேங்கியே நிற்கிறது. கன்று நிமிரக் காணோம்.

தண்ணீரை உறிஞ்சுவது வேர். வேர் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. அப்புறம் எங்கே தடைபடுகிறது?

மண்புழு

"மண்ணை நன்றாக உதறி, வேரை அலசி" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான். உதறிய மண்ணோடு செடியின் வாயும் போய்விட்டது. மீதியை நுண்நோக்கி ஐயா வந்து சொல்லட்டும், அவருக்குத்தான் இதில் பொறுமை அதிகம்.

முதல் வேலையாகத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். கன்றுக்கு மேலே ஒரு நிழல் கட்டுங்கள்.

நுண்நோக்கி

கூப்பிட்டதால் வந்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஈரத்துணியில் முளைகட்டிய ஒரு பயறையோ கடுகையோ எடுத்து, கறுப்புத் தாள்மேல் வைத்து, சாய்வாக விழும் வெளிச்சத்தில் பாருங்கள். நுனி வழவழவென்று வெறுமையாக இருக்கும். அதற்குச் சற்று மேலே திடீரென்று வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு பட்டை தொடங்கும். இன்னும் மேலே போனால் பஞ்சு சுருங்கி, பழுத்து, காணாமல் போகும். வேரின் மொத்தக் கதையும் அந்தச் சில சென்டிமீட்டருக்குள் இருக்கிறது.

கடைக்கோடியில் இருப்பது வேர்மூடி. மண்ணை உரசிக்கொண்டு போவதால் அதன் வெளிச்செல்கள் ஓயாமல் உதிர்கின்றன. மக்காச்சோள வேரில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் உதிரும். உதிர்வதை ஈடுகட்ட உள்ளேயிருந்து புதுச்செல்கள் வந்துகொண்டே இருக்கும். கூடவே சளி போன்ற ஒரு பசையும் சுரக்கும், அதுதான் வழுக்கிக்கொண்டு போக உதவுகிறது. மூடிக்குப் பின்னால், செல்கள் பிரிந்து புதுச்செல்களை உண்டாக்கும் ஆக்குத்திசு. அதன் நடுவில் மிக மிக மெதுவாகப் பிரிகிற செல்கள் கொஞ்சம் உண்டு, அமைதி மையம் என்பார்கள். குளோவ்ஸ் என்ற ஆய்வாளர் 1950-களில் அடையாளம் காட்டியது. சுற்றியுள்ள செல்கள் சேதமானால் அந்தச் சோம்பேறிகள் விழித்துக்கொண்டு ஆக்குத்திசுவைப் புதுப்பிக்கின்றன.

அதற்கும் பின்னால் நீட்சிப் பகுதி. பெரும்பாலான செடிகளில் சில மி.மீ. தான். செல்கள் இங்கே நீளவாக்கில் பல மடங்கு இழுபடுகின்றன. வேர் மண்ணுக்குள் முன்னேறுவது முழுக்க இந்தச் சிறு துண்டின் வேலை. பின்னாலுள்ள வேர் நகர்வதே இல்லை, வளர்ந்த இடத்தில் அப்படியே கிடக்கும்.

இதைப் புரிந்துகொண்டால், வெள்ளைப் பஞ்சாகத் தெரிந்த வேர்த்தூவிகள் ஏன் நீட்சிப் பகுதியில் இல்லை என்பதும் விளங்கும். இழுபட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் தூவி முளைத்தால் மண்துகளில் மாட்டி அறுந்துபோகும். நீட்சி நின்றபின் வரும் முதிர்ச்சிப் பகுதியில்தான் தூவிகள் வருகின்றன. ஒவ்வொரு தூவியும் மேல்தோல் செல் ஒன்றின் நீட்டம், தனி உறுப்பு கிடையாது. ஆயுள் பெரும்பாலும் சில நாள், மிஞ்சினால் சில வாரம். வேர் முன்னேற முன்னேற பின்வரிசை செத்து, முன்வரிசை புதிதாக முளைக்கும். ஆகவே உறிஞ்சும் பகுதி வேரோடு சேர்ந்து மண்ணுக்குள் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கிறது.

உங்கள் கன்றில் முழுசாக வந்தது, இப்படித் தூவியெல்லாம் உதிர்த்து முடித்த பழைய பகுதி. எலுமிச்சை இனத்துக்குத் தூவிகள் கொஞ்சம் குறைவுதான். ஆனால் தூவியானாலும் நுனியானாலும் மயிரிழை வேரானாலும், உதறும்போது போவது அவைதான்.

தளிர்

தூவிகள் அவ்வளவு முக்கியமா ஐயா? இவ்வளவு மெல்லிய பொருள் எவ்வளவுதான் உறிஞ்சிவிடும்?

நுண்நோக்கி

டிட்மர் என்பவர் 1937-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. ரை என்ற தானியப்புல்லின் ஒரே ஒரு செடியை ஒரு பெட்டியில் நான்கு மாதம் வளர்த்து, மண்ணைக் கழுவி எடுத்து, மாதிரிகளை எண்ணி மொத்தத்தைக் கணக்கிட்டார். வேர்கள் சுமார் 1.38 கோடி. ஒட்டுமொத்த நீளம் 620 கி.மீ.க்கு மேல். வேர்த்தூவிகள் ஏறத்தாழ 1,400 கோடி. வேரும் தூவியும் சேர்ந்த பரப்பு 600 சதுர மீட்டரைத் தாண்டியது. அதே செடியின் தண்டு, இலைப் பரப்பைப் போல 130 மடங்கு. மண் இருந்ததோ இரண்டு கன அடி அளவு.

620 கி.மீ.யை நான்கு மாதத்தால் வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்குச் சராசரியாக 5 கி.மீ. வேர் வருகிறது. நமக்குத் தெரியாமல் ஒரு புல்.

ஆலடி

எல்லாம் சரி. ஆனால் "பழைய வேர் உறிஞ்சாது" என்று ஒரேயடியாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. கோடையில் மரங்களுக்குப் புது வேர்நுனிகள் குறைந்துவிடுகின்றன. அப்போதும் இலை பச்சையாகத்தானே நிற்கிறது? தடித்த வேரின் பட்டையில் வெடிப்புகள் உண்டு, பட்டைத்துளைகள் உண்டு, பக்கவேர் செத்துப்போன ஓட்டைகள் உண்டு. அவற்றின் வழியாகவும் தண்ணீர் நுழைகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மிகக் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய மரத்தில் அந்தப் பரப்பு கொஞ்சநஞ்சமா?

நுண்நோக்கி

ஆலடி சொல்வது முதிர்ந்த மரத்துக்குப் பொருந்தும். ஒரு கன்றுக்குப் பொருந்தாது. அதன் தடிவேர்ப் பரப்பு சொற்பம், இலைப்பரப்பு அதற்குள் நிறைய வந்துவிட்டிருக்கும்.

தடிவேர் உறிஞ்சாமல் போவதற்கு அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. இருவித்திலைத் தாவரங்களில் வேர் வயதாகும்போது கேம்பியம் என்ற, வேரைத் தடிக்கவைக்கும் செல்லடுக்கு வந்து, உள்ளே மரக்கட்டையும் வெளியே தக்கைப்பட்டையும் சேர்கின்றன. தக்கைச் செல்களில் சூபரின் என்ற மெழுகுத்தன்மை உள்ள பொருள் படியும். மேல்தோல், புறணி எல்லாம் உரிந்து போய்விடும். அதன்பின் அந்த வேரின் வேலை தாங்குவது, கடத்துவது, சேமிப்பது.

மண்புழு

சேமிப்பைச் சும்மா ஒரு வார்த்தையில் தாண்டிப் போகாதீர்கள். இலையுதிர்க்கும் மரம் திரும்பத் துளிர்க்க மாவுச்சத்து எங்கேயிருந்து வருகிறது? கணிசமான பங்கு வேரிலிருந்து.

ஆலடி

இன்னொரு விஷயம். எல்லோரும் "உறிஞ்சுகிறது, உறிஞ்சுகிறது" என்கிறோம். மரத்தின் உச்சிக்குத் தண்ணீர் போக வேண்டுமானால் கீழேயிருந்து யாராவது தள்ள வேண்டும். வேர்தானே பம்பு? திராட்சைக்கொடியை வெட்டினால் வெட்டுவாயிலிருந்து சாறு ஒழுகுவதைப் பார்த்திருக்கிறேன். மேலே இலையே கிடையாது. தள்ளாமல் எப்படி ஒழுகும்?

நுண்நோக்கி

வேர் தள்ளுவது உண்மை. அதற்குப் பெயர் வேர் அழுத்தம். ஸ்டீபன் ஹேல்ஸ் 1727-லேயே வெட்டிய திராட்சைத் தண்டில் கண்ணாடிக் குழாய் பொருத்தி, சாறு 21 அடி உயரம் ஏறியதை அளந்து எழுதினார். வேர்ச்செல்கள் சக்தியைச் செலவழித்து உப்புகளை, தண்ணீரை மேலே கடத்தும் குழாய்த்திசுவான சைலத்துக்குள் சேர்க்கின்றன, பின்னாலேயே தண்ணீர் சவ்வூடு பரவலால் உள்ளே வருகிறது, வெளியேற வழியில்லாததால் அழுத்தம் உண்டாகிறது.

ஆனால் அது பெரிய மரத்துக்குப் போதவே போதாது. வேர் அழுத்தம் பெரும்பாலும் 0.2 மெகாபாஸ்கலைத் தாண்டுவதில்லை. தண்ணீரை 10 மீட்டர் தூக்கவே சுமார் 0.1 மெகாபாஸ்கல் வேண்டும், உராய்வு தனி. டாஸ்மேனியாவில் ஏறத்தாழ 100 மீட்டர் உயர யூகலிப்டஸ் நிற்கிறது. அதற்கு என்ன செய்வது? போதாக்குறைக்கு, வெயில் நேரத்தில் செடிக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும்போது வேர் அழுத்தம் காணாமலே போகிறது. அப்போது தண்டை வெட்டினால் சாறு வெளியே வராது, வெட்டுவாயில் வைத்த தண்ணீரைத் தண்டு உள்ளே இழுக்கும்.

இழுப்பது இலை. நீராவிப்போக்கால் இலைச்செல்களின் சுவரிலிருந்து நீர் ஆவியாகும்போது, சைலத்தில் அறுபடாமல் தொடரும் நீர்த்தம்பம் மேலே இழுபடுகிறது. டிக்சனும் ஜோலியும் 1894-ல் முன்வைத்த விளக்கம் இது. அதற்கு முன்பே 1891-ல் ஸ்டிராஸ்பர்கர் ஒரு முரட்டுச் சோதனை செய்திருந்தார். 20 மீட்டருக்கு மேல் உயரமான ஓக் மரத்தை அடியில் அறுத்து, அடித்தண்டை விஷக்கரைசலில் நிறுத்தினார். விஷம் ஏறிய இடமெல்லாம் உயிர்ச்செல்கள் செத்தன. வேர் கிடையாது, தண்டில் உயிர் கிடையாது. இருந்தும் கரைசல் உச்சி வரை போனது. இலைகள் சாகும்வரை ஏற்றம் நிற்கவில்லை.

தளிர்

அப்படியானால் வேர் அழுத்தம் எதற்கு? வேலையில்லாத வேலையா?

நுண்நோக்கி

இராத்திரி வேலை. சைலத்தில் காற்றுக்குமிழி புகுந்து நீர்த்தம்பம் அறுந்திருந்தால், சில கொடிகளிலும் சிறு செடிகளிலும் இரவில் அல்லது வசந்தத்தில் அந்த அழுத்தம்தான் குழாய்களை மறுபடி நிரப்புகிறது. விடியற்காலையில் புல்நுனியில், தக்காளி இலையின் பல்விளிம்பில், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு துளி வீதம் நிற்பதைப் பாருங்கள். பனி விழுந்தால் இலைப்பரப்பு முழுவதும் நனைந்திருக்கும். விளிம்பில் மட்டும் வரிசையாகத் துளி நின்றால் அது உள்ளேயிருந்து கசிந்த நீர். நக்கிப் பார்க்கத் தேவையில்லை, காய்ந்தபின் வெள்ளையாக உப்புத்தடம் இருக்கும்.

விதைப்பை

அப்போது என் கன்றில் இலை இழுக்கிறது, ஆனால் வேர்முனையில் கொடுக்க ஆளில்லை. சரி, அது புரிகிறது. குழியில் அவ்வளவு தண்ணீர் இருந்தும் அறுந்த வேர்முனை வழியாக நேரே உள்ளே போயிருக்கலாமே? வெட்டிய பூவைத் தண்ணீரில் வைத்தால் குடிக்கிறது இல்லையா?

நுண்நோக்கி

நல்ல கேள்வி. கொஞ்ச நேரம் குடிக்கவும் செய்யும். பிறகு அறுந்த வாயைச் செடியே அடைத்துவிடும், பாக்டீரியாவும் மண்சேறும் மீதியை அடைக்கும். ஜாடியில் வைத்த பூ ஏன் சில நாளில் தொங்குகிறது என்பதற்கும் இதே பதில்தான்.

அதோடு, அப்படி நேரே நுழைய விடாமலிருப்பதற்காகவே வேருக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. இளம் வேரைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் வெளியே மேல்தோல், அடுத்துத் தளர்வாக அடுக்கிய புறணி. புறணியில் தண்ணீர் இரண்டு விதமாகப் போகலாம்: செல்லுக்குள் புகுந்து, ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு, அல்லது எந்தச் செல்லுக்குள்ளும் போகாமல் செல்சுவர்களுக்குள்ளேயே. இரண்டாவது வழியில் சோதனைச்சாவடி எதுவும் கிடையாது, மண்ணில் கரைந்த எதுவும் கூடவே வரலாம்.

புறணியின் கடைசி அடுக்கு அகத்தோல். ஒற்றை வரிசைச் செல்கள். அவற்றின் பக்கச்சுவர்களைச் சுற்றி லிக்னின் படிந்த ஒரு பட்டி ஓடும். செங்கல் வரிசையில் இடைவெளியே இல்லாமல் சாந்து பூசியது போல, ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே நீர் கசிய வழியில்லை. ராபர்ட் காஸ்பரி 1865-ல் விவரித்ததால் காஸ்பரி பட்டை என்று பெயர். சுவர்வழியாகச் சுகமாக வந்த எல்லாமே இங்கே நின்று, ஒரு செல்லின் சவ்வைக் கடந்தால்தான் மேலே போக முடியும். எந்த அயனியை விடுவது, எதைத் தடுப்பது என்பதைச் சவ்விலுள்ள புரதங்கள் முடிவுசெய்கின்றன. உள்ளே வந்த உப்பு வெளியே ஒழுகிவிடாமல் பிடித்துவைப்பதும் இதே பட்டைதான். இது இல்லாவிட்டால் வேர் அழுத்தமே உண்டாகாது.

என்னைக் கேட்டால், வேரின் உறுப்புகளில் மிக முக்கியமானது அகத்தோல். பாடநூல்களில் ஒரு படம், இரண்டு வரியோடு முடித்துவிடுகிறார்கள்.

தளிர்

பாடத்தில் "வேரில் சைலமும் புளோயமும் வெவ்வேறு ஆரங்களில்" என்று வருகிறது. இதற்கும் ஏதாவது காரணம் உண்டா, இல்லை மனப்பாடம்தானா?

நுண்நோக்கி

தண்டில் சைலமும், சர்க்கரையைக் கடத்தும் புளோயமும் ஒரே கற்றையாக முன்பின்னாக இருக்கும். வேரில் மாறி மாறி நிற்கும், சைலம் வெளிப்புறமிருந்து உள்நோக்கி முதிரும். இதனால் புறணியிலிருந்து வரும் தண்ணீர், குறுக்கே புளோயம் இல்லாமல் சைலத்தை அடைகிறது. இருவித்திலை வேர்களில் பொதுவாக 2 முதல் 4 வரை சைலக் கதிர்கள், நடுவில் பித் என்ற மென்திசு அநேகமாக இருக்காது. ஒருவித்திலையில் கதிர்கள் நிறைய, நடுவில் பித் உண்டு.

கடத்தும் திசு முழுவதும் மையத்தில் திரண்டிருப்பதையும் கவனியுங்கள். தண்டு காற்றில் வளையும், அதனால் வலுவான திசு ஓரத்தில் இருந்தால் நல்லது. வேரைக் காற்று வளைப்பதில்லை, இழுக்கிறது. இழுவையைத் தாங்க மையத்தில் ஒரே கயிறாக இருப்பதே மேல்.

நெறியாளர்

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. எலுமிச்சைக்கு எந்த உரம் நல்லது என்பதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வேர் மட்டும்.

ஆலடி

வேர் மட்டும் என்றால் எது வேர் என்பதிலேயே சண்டை இருக்கிறது. மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர் என்று என் உறவினர் ஒருவர் சாதிக்கிறார். உருளைக்கிழங்கு தண்டு என்றால் சிரிக்கிறார்.

மண்புழு

உருளைக்கிழங்கின் கண்ணைக் காட்டுங்கள். கண் என்பது மொட்டு. மொட்டு இருந்தால் கணு இருக்கிறது, கணு இருந்தால் அது தண்டு. இஞ்சியிலும் மஞ்சளிலும் வளையம் வளையமாகக் கணுவும் செதிலிலையும் தெரியும். சர்க்கரைவள்ளி, மரவள்ளி, காரட் ஆகியவற்றில் இதெல்லாம் கிடையாது, அவை வேர்.

தளிர்

சர்க்கரைவள்ளியும் முளைக்கிறதே அக்கா. மொட்டு இல்லாமல் எப்படி?

மண்புழு

முளைக்கும். ஆனால் அது கணுவிலிருந்து வந்த மொட்டு இல்லை, வேரிலேயே இடமில்லாத இடத்தில் புதிதாக உண்டான வேற்றிட மொட்டு. உருளைக்கிழங்கின் கண்கள் சுருள்வரிசையில் ஒழுங்காக இருக்கும், சர்க்கரைவள்ளியின் முளைகளுக்கு அந்தக் கணுவொழுங்கு கிடையாது. கறிவேப்பிலை மரத்தைச் சுற்றித் திடீரென்று கன்றுகள் எழுவதும் இப்படி வேரில் வந்த மொட்டுகளால்தான்.

நுண்நோக்கி

இன்னொரு அடையாளம், எனக்குப் பிடித்தது. காரட்டைக் குறுக்கே வெட்டுங்கள். நடுப்பகுதியிலிருந்து தோலை நோக்கி மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு பக்கவேர். தண்டில் கிளைகள் மேற்புறத்து மொட்டிலிருந்து வரும். வேரிலோ பக்கவேர் ஆழத்தில், அகத்தோலுக்கு உள்ளே இருக்கும் பெரிசைக்கிள் என்ற அடுக்கில் பிறந்து, அகத்தோலையும் புறணியையும் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. வேருக்குக் கணு என்று ஒன்று இல்லாததால் கிளைக்கும் இடத்தை அங்கங்கே முடிவுசெய்துகொள்ள முடிகிறது: நைட்ரேட் அதிகமுள்ள மண்திட்டு எதிர்ப்பட்டால் அந்த இடத்தில் மட்டும் பக்கவேர்கள் குவியும். கிழித்து வெளிவரும் அந்த விளிம்பில் சில நோய்க்கிருமிகள் உள்ளே நுழைந்துவிடுவதும் உண்டு. அது அதற்குள்ள விலை.

ஆலமர விழுது நேர்மாறான உதாரணம். காற்றில் தொங்குகிறது, ஆனால் நுனியில் வேர்மூடி உண்டு, இலைத்தழும்பு கிடையாது. அது வேர்தான். முள்ளங்கியை மட்டும் உறவினரிடம் காட்டாதீர்கள், ஆலடி. அதன் மேல்பாதி வித்திலைக் கீழ்த்தண்டு, கீழ்ப்பாதி வேர். இரண்டு கட்சிக்கும் வெற்றி.

தளிர்

விதையைத் தலைகீழாக நட்டாலும் வேர் கீழே போகிறது. அதற்கு எப்படித் திசை தெரிகிறது? இணையத்தில் ஒரு காணொளியில் "வேர்நுனிதான் செடியின் மூளை, டார்வினே சொன்னார்" என்கிறார்கள்.

நுண்நோக்கி

டார்வின் தம் மகன் பிரான்சிஸோடு சேர்ந்து 1880-ல் வெளியிட்ட நூலில், முளைவேர் நுனியைக் கீழ்நிலை விலங்குகளின் மூளையோடு ஒப்பிட்டது உண்மை. அது ஒப்புமை. நுனி உணர்கிறது, சற்றுப் பின்னாலுள்ள பகுதி வளைகிறது என்பது அவர் கண்டது. அதற்கு முன்பே 1872-ல் சீசீல்ஸ்கி நுனியை வெட்டிப் பார்த்திருந்தார். நுனியிழந்த வேர் வளர்ந்தது, ஆனால் கீழ்நோக்கி வளையவில்லை.

ஈர்ப்பு விசைதான் காரணம் என்பதை 1806-லேயே நைட் காட்டிவிட்டார். சுழலும் சக்கரத்தில் அவரை விதைகளைக் கட்டி, தண்ணீர் விசையால் ஓயாமல் சுற்றவிட்டார். வேர்கள் சக்கரத்துக்கு வெளிப்புறமாகவும் தண்டுகள் மையத்தை நோக்கியும் வளர்ந்தன. மையவிலக்கு விசையை வேர் ஈர்ப்பாகவே எடுத்துக்கொண்டது.

இயக்கம் இப்படி: வேர்மூடியின் நடுச்செல்களில் மாவுச்சத்து நிரம்பிய கனமான மணிகள் உள்ளன. வேரைக் கிடையாக வைத்தால் சில நிமிடங்களில் அவை புதிய அடிப்பக்கத்துக்குச் சரிந்துவிடும். அதையொட்டி ஆக்சின் என்ற ஹார்மோன் அடிப்பக்கத்தில் அதிகமாகச் சேர்கிறது. வேரில் மிகுதியான ஆக்சின் நீட்சியைக் குறைக்கும், ஆகவே அடிப்பக்கம் மந்தமாகவும் மேல்பக்கம் வேகமாகவும் நீள, வேர் கீழே வளைகிறது. மாவுமணி இல்லாத திரிபுச் செடிகளில் இந்த வளைவு மிக மெதுவாகத்தான் வருகிறது. இதில் மூளை எங்கே வந்தது? நரம்பும் இல்லை, தீர்மானமும் இல்லை.

ஆலடி

இருந்தாலும் நிலத்தடிக் குழாய்களை வேர் "தேடிப்போய்" உடைக்கிறதே.

நுண்நோக்கி

தேடிப்போவதற்கு வெகுதொலைவிலிருந்தே தண்ணீர் தெரிய வேண்டும். ஈரம் ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் அந்தப் பக்கம் வேர் வளையும், அது மெய்தான். ஆனால் நுனியைச் சுற்றியுள்ள ஈர வித்தியாசம்வரைதான் அதற்கு எட்டும். குழாயின் இணைப்பில் ஏற்கனவே கசிவு இருந்தால், அந்த ஈரமண்ணுக்கு எதேச்சையாக வந்துசேர்ந்த வேர் அங்கே கிளைத்துப் பெருகும், விரிசலுக்குள் நுழைந்து தடிக்கும். நல்ல குழாயை நுனியால் குத்தி உடைக்காது.

தள்ளும் பலம் இல்லை என்று சொல்லவில்லை. பிஃபெஃபர் 1893-ல் வேரைச் சாந்துக்குள் பதித்து அளந்தார். வேர்நுனி கொடுக்கும் அழுத்தம் பொதுவாக 0.5 முதல் 1 மெகாபாஸ்கல். மண்ணை விலக்கப் போதும், நல்ல காங்கிரீட்டுக்குப் போதாது.

மண்புழு

ஆழம் பற்றியும் எல்லோரும் மிகையாக நினைக்கிறார்கள். கலஹாரிப் பாலைவனத்தில் கிணறு தோண்டும்போது போஸ்கியா மரத்தின் வேரை 68 மீட்டர் ஆழத்தில் கண்டது உண்மை. ஆனால் அது அபூர்வம். உலக அளவில் திரட்டிய தரவுகளை வைத்து 1996-ல் வெளிவந்த கணக்கின்படி, சராசரியாக வேர்த்திரளில் பாதி மேல் 20 செ.மீ.க்குள், முக்கால்வாசி மேல் 40 செ.மீ.க்குள் இருக்கிறது. சத்தும் அங்கே, காற்றும் அங்கே. மரத்தடியில் காங்கிரீட் போட்டு மூடுபவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

காற்று என்றதும் விதைப்பையின் குழி நினைவுக்கு வருகிறது. தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றாரே. வேருக்கும் மூச்சு வேண்டும். உப்பை உள்ளே இழுக்கும் சக்தி சுவாசத்திலிருந்துதான் வருகிறது. தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. மண்ணின் இடுக்கெல்லாம் நீர் நிரம்பினால் வேர் திணறுகிறது. திணறும் வேரின் சவ்வுகளில் நீர்வழிகள் மூடிக்கொள்கின்றன. விளைவு: தண்ணீரில் நிற்கிற செடி, தண்ணீர் இல்லாத செடி மாதிரியே வாடும். பார்ப்பவர் இன்னும் ஊற்றுவார்.

தளிர்

நெல் மட்டும் எப்படி நிற்கிறது?

மண்புழு

நெல்வேரின் புறணியில் நீளநீளமான காற்றறைகள் உண்டு. இலையிலிருந்து காற்று அதன்வழியே நுனிவரை இறங்கும். போகிற வழியில் கசிந்துவிடாதபடி வெளியடுக்கு இறுகிக்கொள்ளும். மக்காச்சோளத்தில் வெள்ளம் வந்தபிறகு எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் சேர்ந்து, புறணிச் செல்கள் சில செத்து அறைகள் உண்டாகும், ஆனால் நெல் அளவுக்குத் தாங்காது. அலையாத்தி மரம் வேறு வழி பிடித்தது. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாகச் சுவாச வேர்களை மேல்நோக்கி நீட்டுகிறது, அவற்றில் காற்றுத்துளைகள் உண்டு. ஈர்ப்புக்கு எதிராக வளரும் வேர், தளிர், குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

விதைப்பை

நீரை வடித்துவிட்டேன், நிழலும் கட்டியாயிற்று. பாதி இலையைக் கிள்ளிவிடலாமா? மேலும், தொட்டி மண்ணிலிருந்த பூஞ்சைகளும் அலசியதில் போயிருக்குமா?

மண்புழு

பாதி வேண்டாம். இளந்தளிரைத் தொடாமல் முதிர்ந்த இலையில் கொஞ்சம் எடுங்கள். இலைதான் புது வேருக்குச் சர்க்கரை அனுப்ப வேண்டும், ஆக்சினும் மேலிருந்துதான் இறங்க வேண்டும். முழுசாக மழித்தால் வேரும் வராது.

பூஞ்சை வேரின் உள்ளேயும் இருக்கும், அதனால் எல்லாம் போய்விடாது. வெளியே மண்ணில் படர்ந்த இழைகள்தான் அறுந்திருக்கும். தூவி குறைந்த எலுமிச்சை இனம் இந்தக் கூட்டாளியை ரொம்பவே நம்பியிருக்கிறது. நிலத்தாவரங்களில் பெரும்பாலானவற்றுக்கு மைக்கோரைசா என்ற இந்த வேர்ப்பூஞ்சை உறவு உண்டு. பூஞ்சையின் இழை வேர்த்தூவியைவிட மெல்லியது, தூவி எட்டாத இடுக்கிலிருந்து பாஸ்பேட்டைக் கொண்டுவரும், பதிலுக்குச் சர்க்கரை வாங்கும். கடுகுக் குடும்பம் மட்டும் பெரும்பாலும் இந்தக் கூட்டில் சேர்வதில்லை.

நுண்நோக்கி

இதில் ஒரு துரோகக் கதையும் உண்டு. பூஞ்சையை அழைக்க வேர் ஸ்டிரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடுகிறது. சோளத்தைத் தாக்கும் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையின் விதை மண்ணில் பல ஆண்டு தூங்கிக் கிடந்து, அதே பொருளை மோப்பம் பிடித்து முளைத்து, சோள வேரில் தன் வேரைப் பொருத்தி உறிஞ்சத் தொடங்குகிறது. நண்பனுக்குப் போட்ட கடிதத்தைத் திருடன் படிக்கிறான்.

பயறுகளின் வேர்முடிச்சிலும் இதே மாதிரி இரசாயனப் பேச்சு நடக்கிறது, ஆனால் நல்லபடியாக. வேர் ஃபிளேவனாய்டு என்ற பொருளை விடும், ரைசோபியம் என்ற பாக்டீரியா பதில் சமிக்ஞை தரும், வேர்த்தூவி சுருண்டு அதை வளைத்துப் பிடிக்கும். முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, அதைக் கட்டுக்குள் வைக்கும் லெக்ஹீமோகுளோபின்தான் அந்த நிறம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் முடிச்சு ஓய்ந்துவிட்டது.

தளிர்

கடைசிக் கேள்வி. வேரே இல்லாத பூக்கும் தாவரம் இருக்கிறதா? எங்கள் வகுப்பில் "இல்லை" என்று சொல்லிவிட்டார்கள்.

நுண்நோக்கி

இருக்கிறது. உல்ஃபியா: ஒரு மி.மீ. கூட எட்டாத பச்சைப்புள்ளி, பூக்கும் தாவரங்களிலேயே மிகச் சிறிய பேரினம், வேர் கிடையாது. நீரில் மூழ்கி வாழும் செரட்டோஃபில்லத்துக்கும் பூச்சியுண்ணும் யூட்ரிகுலேரியாவுக்கும் வேர் கிடையாது. ராஃப்லீசியா என்ற ஒட்டுண்ணி, தான் பற்றிய கொடியின் திசுவுக்குள்ளேயே இழையாக ஓடிக்கொண்டு, பூக்கும்போது மட்டும் வெளியே தலைகாட்டும். தொற்றித் தொங்கும் ஸ்பானிஷ் பாசி என்ற டில்லாண்ட்சியா, இலைச்செதில்களாலேயே ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வளர்ந்த செடியில் வேர் இல்லை.

உல்ஃபியாவின் உறவான லெம்னாவுக்கு ஒவ்வோர் இலையுடலிலும் ஒரு வேர் தொங்கும். அதை வெட்டிவிட்டாலும் சத்துள்ள நீரில் அதன் வளர்ச்சி பெரிதாகக் குறைவதில்லை, அடிப்பரப்பாலேயே உறிஞ்சிக்கொள்கிறது.

ஆலடி

அப்படியானால் லெம்னா அந்த வேரை இன்னும் எதற்கு வைத்திருக்கிறது?

நுண்நோக்கி

மெல்ல மெல்ல இழந்துகொண்டிருக்கிறது என்றே படுகிறது. அதே குடும்பத்தில் ஸ்பைரோடெலாவுக்கு ஒரு இலையுடலுக்குப் பல வேர்கள், லெம்னாவுக்கு ஒன்று, உல்ஃபியாவுக்கு ஒன்றுமே இல்லை. மூன்றும் ஒரே குளத்தில் மிதப்பதுண்டு. ஒரு வலைக்கரண்டியில் அள்ளினால் மூன்று நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உல்ஃபியாவைத் தேட மட்டும் கைலென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.